பவளத் தீவுக் கிராமத்துக்கு விருந்தினராகச் செல்ல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பவளத் தீவு உருவாகும் விதத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். விமான நிலையமே இல்லாத டோகெலாவ் தீவுகளில் ஒரு கிராமத்தையாவது நேரில் காண வேண்டும் என்பது என் மனைவிக்கும் எனக்கும் நெடுநாள் ஆசை. ஏற்பாட்டை எங்கிருந்து தொடங்குவது?
(கோத்தகிரி வாசகர்)

பதில்: ஐயா, விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் அனுமதி கேட்டு எழுதுங்கள். டோகெலாவ், பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதி. அட்டாஃபு, நுகுநோனு, ஃபகாஓஃபோ என்னும் மூன்று பவளத் தீவுகளும் சேர்ந்தே ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை சுமார் 1,500. ஒவ்வொரு தீவையும் அதன் பெரியோர் அவை நிர்வகிக்கிறது. சமோவாவின் தலைநகரான ஆப்பியாவில் உள்ள டோகெலாவ் அலுவலகத்தின் வழியாக விண்ணப்பித்து, நீங்கள் தங்க விரும்பும் தீவின் அவை இசைவு தந்த பிறகே கப்பலில் இடம் கேட்க முடியும். எந்த வீட்டில் தங்குவீர்கள் என்பதும் அப்போதே முடிவாகிவிட வேண்டும்.

இதைக் கெடுபிடி என்று எண்ண வேண்டாம். 1842இல் டார்வின் விளக்கியபடி, எரிமலை மெல்ல அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்து எஞ்சிய வளையம்தான் இந்த நிலம் என்பதை நீங்களே கற்பித்திருப்பீர்கள். அந்த வளையத்தில் ஆறோ ஊற்றோ கிடையாது. பெய்யும் மழை பவள மணலுக்குள் இறங்கி, உப்பு நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தாலோ கடல் பொங்கி உள்ளே புகுந்தாலோ அதுவும் உவர்த்துப் போகிறது. ஆகவே கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்தே மக்கள் வாழ்கிறார்கள். 2011 அக்டோபரில் மழை பொய்த்தபோது ஒரு வாரத்துக்கும் போதாத நீரே கையிருப்பில் இருந்ததால் டோகெலாவ் அவசரநிலையை அறிவித்தது. குடிநீர் கப்பலில் வந்து சேர வேண்டியதாயிற்று. அங்கே நீங்கள் குளிக்கும் ஒவ்வொரு குவளை நீரும் அந்த வீட்டுத் தொட்டியிலிருந்து வருவது. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருவோரிடம் இ-பாஸ் கேட்பதன் நியாயம், கோடை நெரிசலில் அவதிப்பட்ட நமக்குத் தெரியும். தீவுப் பெரியோரின் நியாயம் அதைவிட வலுவானது.

வழி நீளமானது. கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஃபிஜியின் நாடி, பிறகு ஆப்பியா. நாடியில் தமிழர் மரபில் எழுந்த சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களின் சந்ததியினர் வழிபடும் இடம், ஒரு நாள் தங்கியாவது தரிசித்துச் செல்லுங்கள். ஆப்பியாவிலிருந்து கடலில் சுமார் 500 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் பிடிக்கும், சில வேளை அதற்கு மேலும் ஆகும். கப்பலில் உள்ளூர் மக்களுக்கே முன்னுரிமை என்பதால் திரும்பும் தேதியைத் தளர்வாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் கரையை அணையாது. பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும் அதனருகே சிறு படகு வரும். அலை படகைத் தூக்கிக் கொடுக்கும் கணத்தில் படகோட்டி கை காட்ட, அப்போது இறங்க வேண்டும். தயங்கி நின்றால் படகு மீண்டும் கீழே போய்விடும்.

கிராமத்தில் நீங்கள் தவறாமல் பார்க்க வேண்டியது, 'இனாட்டி' எனப்படும் மீன் பங்கீடு. ஊருக்கென்று பிடித்து வந்த மீன்களைக் கரையில் பரப்பிக் கூறு போட்டு, எல்லாக் குடும்பங்களுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். கடலுக்குப் போக ஆளில்லாத முதியவர் வீட்டுக்கும் கூறு உண்டு. புகைப்படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவினர். அத்தகைய தீவில் சமாளிக்க முடியுமா? நம் ஊர் கேரட், பூண்டு, தேயிலை ஆகியவற்றை அன்பளிப்பாக எடுத்துச் செல்லலாமா?
(குன்னூர் வாசகி)

பதில்: ஈரப்பலா, தேங்காய், குழி தோண்டிப் பயிரிடும் ஒருவகைச் சேம்பு ஆகியவை கிடைக்கும்; அரிசி கப்பலில் வருகிறது. எனினும் மீன்தான் அங்கே அன்றாட உணவு என்பதால், நீங்கள் சைவம் என்பதை முன்பே எழுதிவிடுங்கள் அம்மா. விருந்தினர் தட்டை ஒதுக்கி வைத்தால் சமைத்தவர் மனம் வருந்தும்.

கேரட், பூண்டு, விதை, நாற்று, மண் ஒட்டிய எதுவும் வேண்டாம். அவற்றோடு போகும் ஒரு பூச்சியோ பூஞ்சையோ அங்குள்ள சில பயிர்களையும் அழித்துவிடக்கூடும். பொட்டலமிட்ட நீலகிரித் தேயிலையைச் சுங்கத்தில் அறிவித்து எடுத்துச் செல்லலாம். அதையும் வீடு வீடாகக் கொடுக்காமல் நீங்கள் தங்கும் வீட்டாரிடம் ஒப்படையுங்கள். எப்படிப் பகிர்வது என்பது அவர்களுக்குத் தெரியும். ஞாயிறன்று வேலை, நீச்சல் எல்லாம் ஓய்ந்திருக்கும். முழங்காலை மறைக்கும் உடை போதும், நம் புடவையும் வேட்டியும் பொருத்தமே.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது? இரத்த அழுத்தம் உள்ளவர்கள் போகலாமா?
(கொடைக்கானல் வாசகர்)

பதில்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், அதைத் தவிர்த்து மே மாதத்துக்குப் பின் செல்லுங்கள். மலைக் குளிரில் பழகிய உடலுக்கு அந்த வெக்கையும் புழுக்கமும் கடினமாகவே இருக்கும். ஒவ்வொரு தீவிலும் சிறு மருத்துவமனை உண்டு, ஆனால் பெரிய சிகிச்சைக்குக் கடல் கடந்துதான் போக வேண்டும். திரும்பும் கப்பல் தாமதமானாலும் போதும்படி மாத்திரைகளை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் உடல்நிலையை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.