பாட்டியைக் கடித்தது யார்? மூளையும் மொழியும்: கேள்வி பதில்

பேச்சு, மொழிப் பயிற்சி தருவது என் தொழில். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சில வாக்கியங்களை மட்டும் இரண்டு முறை படித்தால்தான் புரிகிறது. எனக்குக் கவனம் போதவில்லையா?

கவனத்தின் மேல் பழி போடாதீர்கள். இதைப் படியுங்கள்: "குமார் பாட்டியைக் கடித்த நாயைத் துரத்தினான்."

'கடித்த' வரை வந்தபோது ஒரு கணம் குமாரைச் சந்தேகப்பட்டீர்களா? எல்லோரும் படுவார்கள். வாக்கியம் முடியட்டும் என்று மூளை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு சொல் வந்ததும் யார், யாரை, என்ன செய்தார் என்று கணக்குப் போட்டுவிடும். 'நாயை' வந்ததும் அந்தக் கணக்கு கவிழ்கிறது. கடித்த பழியைக் குமாரிடமிருந்து எடுத்து நாயின் மேல் போட வேண்டும். 'துரத்தினான்' வரும்வரை குமாரைச் சும்மா நிறுத்திவைக்க வேண்டும். முதலில் தோன்றியதை அடக்கிவிட்டு வேறொன்றை எடுக்கும் இந்தத் திறனைத்தான் அறிதல் கட்டுப்பாடு என்கிறோம்.

"பாட்டியைக் கடித்த நாயைக் குமார் துரத்தினான்" என்று மாற்றிப் போட்டால் தொல்லையே இல்லை. ஆகவே பாதி நேரம் தப்பு எழுதியவர் மேல்தான்.

கேள்வி: இந்தத் திருத்தும் வேலை மூளையில் எங்கே நடக்கிறது?

நீல மையில் 'சிவப்பு' என்று எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் நாக்கு தடுமாறும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்ட சோதனை இது. படிப்பது பழகிப்போன வேலை. அதை அடக்கினால்தான் நிறத்தைச் சொல்ல முடியும். குமார் வாக்கியத்திலும் இதே மல்லுக்கட்டுதான். இரண்டுக்கும் இடது நெற்றிப் பக்கத்தின் கீழ்ப்பகுதி, அதாவது பேச்சோடு தொடர்புள்ள ப்ரோகா பகுதியை ஒட்டிய இடம், சேர்ந்தே உதவுகிறது என்று நோவிக், ட்ரூஸ்வெல், தாம்சன்-ஷில் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005-ல் வாதிட்டார்கள். ஸ்ட்ரூப் முரண் ஒன்றைச் சமாளித்த கையோடு குழப்பமான வாக்கியத்தைக் கேட்டவர்கள் சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார்கள் என்று 2016-ல் ஓர் ஆய்வும் வந்தது.

எதிர்த்தரப்பும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் எவெலினா ஃபெடரென்கோவின் குழு, சாதாரணமாகக் கதை கேட்கும்போது, எல்லா வேலைக்கும் பொதுவான கட்டுப்பாட்டு வலைப்பின்னல் பெரிதாக வேலை செய்வதில்லை, மொழிக்கென்று தனி வலைப்பின்னல் இருக்கிறது என்கிறது. எனக்கு இரண்டும் முட்டிக்கொள்வதாகத் தெரியவில்லை. வண்டி நேராகப் போகும்வரை மேற்பார்வைக்கு வேலை இல்லை. தடம் மாறினால்தான் கூப்பிடுகிறோம்.

கேள்வி: ஐந்து வயது மகன் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அதையே பிடித்துக்கொள்கிறான். அடமா?

பெரும்பாலும் இல்லை. 1999-ல் ட்ரூஸ்வெல் குழு ஐந்து வயதுப் பிள்ளைகள் முன் ஒரு தவளை பொம்மையைத் துணியின் மேல் வைத்தது. பக்கத்தில் வெறும் துணி ஒன்று, ஒரு பெட்டி. துணிமேல் இருக்கும் தவளையைப் பெட்டியில் வை என்பதுதான் கட்டளை. ஆனால் ஆங்கிலச் சொல்வரிசையில் முதல் பாதியைக் கேட்கும்போது 'தவளையைத் துணிமேல் வை' என்றே காதில் விழும். பெரியவர்களின் கண் வெறும் துணிப்பக்கம் போய்விட்டுத் திரும்பிவிட்டது. பல பிள்ளைகள் தவளையை அந்தத் துணியிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். மூளையின் நெற்றிப் பகுதி முதிர இன்னும் பல வருடம் ஆகும். திட்டாமல், வேறு வாக்கியமாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பொருந்தாத சொல் வந்தால் மூளை எவ்வளவு வேகத்தில் கண்டுபிடிக்கும்?

"சூடான இட்லியைச் செருப்பில் தொட்டுச் சாப்பிட்டாள்." 'செருப்பு' என்று படித்து அரை நொடிக்குள், சுமார் 400 மில்லிவினாடியில், தலையில் ஒட்டிய மின்முனைகளில் ஓர் எதிர்மறை மின் அலை எழும். 1980-ல் குட்டாஸும் ஹில்யார்டும் கண்டது. அவர்கள் கொடுத்த வாக்கியத்தில் ஒருவர் ரொட்டியில் காலுறையைத் தடவுவார்!

கேள்வி: டிவி ஓடும்போது நான் சொல்வது என் கணவர் காதில் விழுவதே இல்லை. இதுவும் மூளைதானா?

காதில் விழுகிறது. மற்றதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: இரண்டு மொழி பேசினால் மூளை கூர்மையாகும் என்கிறார்களே, மகளை இந்தி வகுப்பில் சேர்க்கலாமா?

இந்தப் பேச்சைப் பெரிதாகக் கிளப்பிவிட்டதில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. 2004-ல் எலன் பியாலிஸ்டாக் குழு வெளியிட்ட ஆய்வின் முதல் பகுதியில், இந்தியாவில் வாழும் தமிழும் ஆங்கிலமும் பேசுவோரைக் கனடாவில் ஆங்கிலம் மட்டும் பேசுவோருடன் ஒப்பிட்டார்கள். சோதனை இதுதான்: திரையில் நிறச் சதுரம் எந்தப் பக்கம் வந்தாலும் நிறத்துக்கு உரிய பொத்தானை அழுத்த வேண்டும். நம்மவர்கள் குறைவாகத் தடுமாறினார்கள். ஆனால் அங்கும் இங்கும் மொழி மட்டுமா வேறு? சாப்பாடு, வேலை, குடும்பம் எல்லாமே வேறு. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அந்த வித்தியாசம் காணவில்லை.

2013-ல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 மறதிநோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. இருமொழிக்காரர்களுக்கு நோய் சராசரியாக 4.5 ஆண்டு தள்ளித் தொடங்கியிருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும்கூட. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனாலும் காரணம் மொழிதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மூளைக்காக என்றால் வகுப்பு வேண்டாம். இந்தி பேசும் தோழி இருந்தால், அல்லது மகளுக்கே ஆசை இருந்தால், தாராளமாக.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா எதற்கும் "ஆமா ஆமா" என்றே சொல்கிறார். புத்தி போய்விட்டதா?

மொழி போனால் புத்தியும் போயிற்று என்று நினைக்காதீர்கள். 1861-ல் பாரிஸில் ப்ரோகா என்ற மருத்துவர் பார்த்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு 'டான்' என்பதைத் தவிர வேறு சொல் கிட்டத்தட்ட வரவே இல்லை. ஆனால் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. இலக்கணத்தைப் பெருமளவு இழந்தவர்கள் கணக்குப் போட்டதை 2005-ல் ரோஸ்மேரி வார்லி குழு காட்டியது. அப்பாவுக்கு எவ்வளவு புரிகிறது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் நேரில் சோதித்துத்தான் சொல்ல முடியும், சீக்கிரம் காட்டுங்கள்.

அதுவரை டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேசுங்கள். "காபி வேணுமா, இல்ல டீ போடவா, அண்ணன் எப்ப வரான் தெரியுமா" என்று ஒரே மூச்சில் கேட்காதீர்கள். இரண்டு டம்ளரையும் முன்னால் வைத்து, "காபியா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். கை எந்த டம்ளர் பக்கம் போகிறது என்று பாருங்கள்.