4.75 லட்சம் கட்டித்தான் கடலைப் பார்க்க வேண்டுமா?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள், அடுத்து பிளஸ் ஒன்னில் பயாலஜி குரூப். டாக்டருக்குப் படிக்க மாட்டேன், கடலில் இருக்கிற உயிர்களைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாள். பள்ளியிலேயே ஒரு கன்சல்டன்ட் வந்து பேசியிருக்கிறார், அப்புறம் தி.நகர் ஹோட்டல் ஒன்றில் செமினார். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஜூலை மாதம் 2 வார மரைன் பயாலஜி சம்மர் புரோகிராம், கட்டணம் ரூ.4.75 லட்சம், விமான டிக்கெட் தனி. “இதுல சேர்ந்துட்டா அப்புறம் அதே யுனிவர்சிட்டியில சீட் ஈஸி மேடம்” என்று சொல்லியிருக்கிறார். இடம் பிடித்துவைக்க ரூ.10,000 ஜிபே செய்தாயிற்று, மீதியில் பாதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம். நகையை அடகு வைக்கலாமா என்று கணவர் கேட்கிறார். எட்டாவது படிக்கும் பையனுக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று கடைசியில் ஒரு வரி.

நகையை வைக்க வேண்டாம் அம்மா. அது பீரோவிலேயே இருக்கட்டும்.

முதலில் அந்த “சீட் ஈஸி” விஷயம். பணம் கட்டியவர்கள் எல்லோரும் சேரக்கூடிய முகாமுக்குப் போய் வந்ததை வைத்து எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அட்மிஷனில் தனிச் சலுகை தருவதில்லை. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தின் சம்மர் பக்கத்திலேயே இதை எழுதிவைத்திருக்கின்றன, ஆனால் அந்தப் பக்கம் மட்டும் செமினாரில் திரையில் வராது. அடுத்தது, கடிதத்தில் நீங்களே “பல்கலைக்கழக வளாகத்தில்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், “பல்கலைக்கழகம் நடத்தும்” என்று எழுதவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கோடையில் அங்கே ஹாஸ்டல் அறைகளும் வகுப்பறைகளும் காலியாகக் கிடக்கும், தனியார் கம்பெனிகள் அவற்றை வாடகைக்கு எடுத்து முகாம் நடத்துவார்கள். நம் ஊரில் கல்யாண மண்டபத்தை 2 நாளுக்கு எடுத்தவருக்கும் மண்டபத்தின் முதலாளிக்கும் என்ன உறவோ அதே உறவுதான் அந்தக் கம்பெனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும். சான்றிதழில் கையெழுத்து யாருடையது, பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது, ரசீதில் என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றையும் பாருங்கள். போன வருஷம் ஒரு அப்பா என்னிடம் காட்டிய ரசீதில் “எஜுகேஷனல் டூர் பேக்கேஜ்” என்று இருந்தது. சரி, டூர் என்றால் டூர் என்று சொல்லி விற்க வேண்டியதுதானே.

இன்னொன்றை யாருமே உங்களுக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. நம் ஊரில் பள்ளி திறப்பது ஜூன். அமெரிக்காவில் கோடை முகாம்கள் நடப்பது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. பிளஸ் ஒன் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிற நேரத்தில், புது குரூப்பில் கெமிஸ்ட்ரி முதல் பாடமே பிடிபடாமல் இருக்கும்போது, 2 வார வகுப்பும் போகவர இரண்டு மூன்று நாளும் போய்விடும். அட்டெண்டன்ஸுக்குப் பள்ளி என்ன சொல்லும் என்று கேட்டீர்களா? கன்சல்டன்ட்டை மேடையேற்றிய அதே பள்ளிதான் ஜூலையில் லீவ் லெட்டரைத் திருப்பி அனுப்பும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவும் இருக்கிறது. டூரிஸ்ட் விசா போதும் என்று சொல்லியிருப்பார்கள். வாரத்துக்கு 18 மணி நேரமோ அதற்கு மேலோ வகுப்பு இருந்தால் மாணவர் விசா எடுக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் விதி. அதற்கு 185 டாலர் விசாக் கட்டணம் தவிர, செவிஸ் என்கிற வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் தனியாக 350 டாலர். ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா மறுத்துவிட்டால் விசாக் கட்டணம் திரும்பாது. கன்சல்டன்ட்டுக்குக் கட்டியது திரும்புமா என்பது அவர் கொடுத்த படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அநேகமாக என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசித் தேதி காட்டித் துரத்துவதையும் கவனியுங்கள். நிஜமாகவே பிள்ளைகளைத் தேர்வு செய்து எடுக்கிற முகாம்களுக்கு விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிடும், கட்டுரை கேட்பார்கள், கணக்குக் கேள்வித்தாள் கொடுப்பார்கள், ஆசிரியர் கடிதம் கேட்பார்கள், அதற்குப் பிறகும் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இடம் இல்லை என்று சொல்வார்கள். பத்தாயிரம் ஜிபே செய்தவுடன் “கங்கிராட்ஸ், யூ ஆர் செலக்டட்” என்று வாட்ஸ்அப் வருவது தேர்வு இல்லை.

இதே கூட்டம் உள்ளூரிலும் இருக்கிறது. “ஐஐடி மெட்ராஸ் சம்மர் இன்டர்ன்ஷிப், ஒன்பதாம் வகுப்பு முதல்” என்று ஒரு நோட்டீஸ் வருஷா வருஷம் சுற்றும். ஐஐடி மெட்ராஸ் நடத்தும் சம்மர் ஃபெல்லோஷிப் கல்லூரி மாணவர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அவர்களிடம் இருப்பது ஸ்கூல் கனெக்ட் என்ற ஆன்லைன் சான்றிதழ் படிப்புகள், கட்டணம் சொற்பம், பள்ளி வழியாகத்தான் சேர வேண்டும். அப்புறம் கேவிபிஒய் என்கிற அறிவியல் உதவித்தொகைத் தேர்வுக்குக் கோச்சிங் என்று சிலர் இன்னும் போர்டு வைத்திருக்கிறார்கள், அந்தத் தேர்வையே 2022-ல் நிறுத்தியாயிற்று. தேசியத் திறனறித் தேர்வான என்டிஎஸ்இயும் 2021-லிருந்து நடக்கவில்லை. இல்லாத பரீட்சைக்குக் கோச்சிங் நடத்துகிற ஊர் நம்முடையது. இதைவிட மோசம், பள்ளிப் பிள்ளை பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி ஏதோ ஒரு ஜர்னலில் போட்டுத்தருகிறோம் என்று லட்சக் கணக்கில் வாங்குவது. அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

சரி, பெண்ணுக்கு வருகிறேன். கடல் உயிர்களைப் படிக்க வேண்டும் என்கிற பிள்ளை மடிப்பாக்கத்தில் இருக்கிறாள், பெசன்ட் நகர் கடற்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி, ஜனவரியிலிருந்து இங்கே கரையேறி முட்டையிடுகிறது, ஒரு குழியில் 100-க்கு மேல் முட்டை இருக்கும். 1988-லிருந்து மாணவர்கள் ராத்திரி முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துவைக்கிறார்கள், எஸ்எஸ்டிசிஎன் என்று பெயர், எல்லாம் தன்னார்வலர்கள். ராத்திரி நடை இந்த வருஷம் முடியும் தறுவாயில் இருக்கும், ஆனால் முட்டை பொரிய ஏழெட்டு வாரம் ஆகும் என்பதால் ஏப்ரல் முழுக்க, மே தொடக்கம் வரைகூட, சாயங்காலத்தில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம்.

நான் ஒரு ஏப்ரலில் போயிருந்தேன். கூடையைச் சாய்த்ததும் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத குஞ்சுகள் மணலில் துடுப்பு போட்டுக்கொண்டு போயின, அதில் இரண்டு மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி எங்கள் பக்கமாக வந்தன. பின்னால் ஒரு பஜ்ஜிக் கடையில் டியூப் லைட். வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல் என்று அதற்குப் பிறவியிலேயே கணக்கு. ஒன்பதாவது படிக்கிற மாதிரி இருந்த ஒரு பையன் ஓடிப்போய்க் கடைக்காரரிடம் “அண்ணா, அஞ்சு நிமிஷம் லைட்ட அணைங்கண்ணா” என்றான். அவரும் அணைத்தார். இரண்டும் சுற்றி நின்று திரும்பிப் போயின.

இரண்டாவது வேலை இன்னும் நல்லது, செலவு ரயில் டிக்கெட் மட்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, சின்ன ஃபைபர் படகுகள் போகலாம். உங்கள் மகளின் விடுமுறையும் இந்தத் தடையும் ஏறக்குறைய ஒரே நாட்கள். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிக் கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் லூப் ரோடு மீன் சந்தை நடந்துபோகிற தூரம். வாரம் 2 நாள், காலை 7 மணிக்கு, ஒரு 40 பக்க நோட்டும் ஒரு ஸ்கேலுமாக உங்களோடு வரட்டும். என்ன மீன் வந்திருக்கிறது, எவ்வளவு நீளம், கிலோ என்ன விலை, எந்த வலையில் வந்தது. சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி என்று தமிழ்ப் பெயரை மீன்காரம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அறிவியல் பெயரை வீட்டில் வந்து தேடட்டும், போட்டோவைப் பார்த்து உயிரினத்தை அடையாளம் சொல்ல உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி இலவசம். ஜூன் 15-க்கு அப்புறம் விசைப்படகு மீன் வரத் தொடங்கியதும் இன்னும் இரண்டு வாரம் அதே கேள்விகள், முடிந்தால் ஒரு ஞாயிறு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலும். பட்டியல் எப்படி மாறுகிறது என்று அவளே பார்ப்பாள். முதல் வாரம் மீன் விற்பவர்கள் பேச மாட்டார்கள், வியாபார நேரத்தில் நோட்டு எடுத்துக்கொண்டு நிற்கிற பெண்ணை விரட்டக்கூடச் செய்வார்கள். கால் கிலோ வாங்கிக்கொண்டு பேசச் சொல்லுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னை மையத்துக்கு, அது சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, நாலு தெளிவான கேள்வியோடு அவள் ஒரு மெயில் அனுப்பட்டும். பதில் வராமலும் போகலாம். ஆனால் நாளைக்கு எந்த நேர்முகத் தேர்விலும் “கோடையில் என்ன செய்தாய்” என்றால் இந்தப் பெண் அரை மணி நேரம் பேசுவாள், முகாமுக்குப் போனவள் போட்டோ காட்டுவாள்.

இதற்கெல்லாம் குறுக்கே ஒன்று வரும்: பள்ளியின் கோடை ஸ்பெஷல் கிளாஸ். விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை வருஷா வருஷம் சுற்றறிக்கை விடும், பள்ளிகள் வருஷா வருஷம் “விருப்பமுள்ளவர்கள் மட்டும்” என்று ஒரு வரி சேர்த்து நடத்தும், விருப்பமில்லாதவர்கள் யார் என்று ஜூனில் பெயர் வாசித்துக் கேட்பார்கள். காலையில் மட்டும் போகட்டும், மே மாதம் 2 வாரம் விட்டுவிடச் சொல்லுங்கள். கேட்டால் மாமா வீட்டுக் கல்யாணம் என்று சொல்லுங்கள், வேறு என்ன செய்வது.

பையனுக்கு. இங்கேதான் நிறையப் பெற்றோர் கோட்டை விடுகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். இஸ்ரோ நடத்தும் யுவிகா முகாம் 2019-ல் தொடங்கியது. மே மாதம் 2 வாரம் இஸ்ரோ மையங்களிலேயே தங்கிப் பார்க்கலாம், பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும். அந்த ஆண்டு ஜனவரி 1-ம் தேதி பிள்ளை ஒன்பதாவதில் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பையன் இப்போது எட்டாவது. இந்த மே மாதம் முடியாது, ஜூனில் ஒன்பதாவது போனாலும் இந்த வருஷத்தில் முடியாது. வரும் ஜனவரியில் அவன் ஒன்பதாவதில் இருப்பான், பிப்ரவரி, மார்ச் வாக்கில் விண்ணப்பம் வரும், அப்போது போட வேண்டும், முகாம் அடுத்த மே. பத்தாவது போய்விட்டால் அவ்வளவுதான், மறு வாய்ப்பு கிடையாது. இதுவரை வந்த அறிவிப்புகளின்படி தேர்வில் பாதி எடை எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு, அதாவது அவன் இந்த ஏப்ரலில் எழுதப்போகிற பரீட்சைக்கு. மீதி ஆன்லைன் வினாடிவினா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர், என்சிசி இப்படி. ஊராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கு 15 சதவீதம் கூடுதல் எடை உண்டு. ஆதாரில் சொந்த ஊர் முகவரியை மாற்றினால் இது கிடைக்கும் என்று ஒரு புரோக்கர் ஒருவரிடம் பணம் வாங்கியிருக்கிறார். அது வீட்டு முகவரியைப் பொறுத்தது இல்லை, பள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விண்ணப்பத்தோடு கொடுக்கிற பள்ளிச் சான்றிதழில் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும், அதையும் முன்னாலேயே வாங்கி வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு அந்தக் கையெழுத்து ஒரு நாள் தாமதமாகக் கிடைத்தது, ஹெச்.எம். மீட்டிங் போயிருந்தாராம்.

இந்தக் கோடைக்கு அவனுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி முகாம், கோட்டூர்புரம் அறிவியல் மையம், அண்ணா நூற்றாண்டு நூலகம், போதும்.

அந்தப் பத்தாயிரம். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்வார், எடுக்காதீர்கள். பேச்சில் உங்களை மடக்கிவிடுவார். “எங்களுக்கு வேண்டாம், கட்டிய ரூ.10,000-ஐத் திருப்பி அனுப்பவும்” என்று வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் எழுத்தில் அனுப்புங்கள், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும், “சீட் ஈஸி” மாதிரி அவர் ஏதாவது எழுதி அனுப்பியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். 10 நாளில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். புகார் எண்ணை அவருக்கே அனுப்பிவையுங்கள், பல பேர் அதற்கே பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். பள்ளி முதல்வருக்கும் ஒரு நகல் போகட்டும், அடுத்த வருஷம் மேடை கொடுக்கும்போது கொஞ்சமாவது யோசிப்பார்.