2023 தோல்வி ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள்

"அமெரிக்கப் பெண்கள் கால்பந்தின் ஆதிக்கம் முடிந்தது" என்ற தரப்பில் கல்லூரி விவாதத்தில் பேச வேண்டும், 2023 உலகக் கோப்பைத் தோல்வி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்று, காலிறுதிக்கு முன்பே வெளியேறியது உண்மைதான். ஆனால் விவாதத்தில் எதிர்த்தரப்பு உடனே 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தை எடுத்து வைக்கும். பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸ் அணியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதபோது வென்ற தங்கம் அது.

அதனால் வேரிலிருந்து தொடங்குங்கள். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்து 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தால் அமெரிக்கக் கல்லூரிகள் பெண்கள் அணிகளை வளர்த்தன, உதவித்தொகையும் கொடுத்தன. இங்கிலாந்திலோ 1921 முதல் சுமார் ஐம்பது ஆண்டுகள், கால்பந்துச் சங்கத்தின் மைதானங்களில் பெண்கள் ஆடவே தடை இருந்தது. அமெரிக்கா வென்ற நான்கு உலகக் கோப்பைகளுக்கு அந்த முன்தொடக்கம் பெரிய காரணம். இன்று அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. பார்சிலோனா, செல்சி, லியோன் போன்ற ஐரோப்பிய கிளப்புகள் பெண்கள் அணிகளுக்குப் பணம் செலவழிக்கின்றன. 2023 உலகக் கோப்பை ஸ்பெயினுக்கு. 2022, 2025 யூரோ, அதாவது ஐரோப்பிய சாம்பியன்ஷிப், இங்கிலாந்துக்கு.

அப்புறம், அமெரிக்காவில் ஒரு சிறுமி நல்ல கிளப்பில் ஆட, பெரும்பாலும் பெற்றோர்தான் பெருந்தொகை கட்ட வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை எவ்வளவு திறமைசாலியானாலும் வெளியே நின்றுவிடுகிறாள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். உங்கள் வலுவான வாதமும் இதுதான்.

அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர் நயோமி கிர்மா செல்சிக்குப் போனதைச் சரிவு என்று காட்டாதீர்கள். அங்கே அவர் கற்பது தேசிய அணிக்கே லாபம் என்று எதிர்த்தரப்பினர் திருப்பிவிடுவார்கள். அமெரிக்கா இனி ஜெயிக்காது என்றும் சொல்ல வேண்டாம். இனி தனியாக முன்னால் ஓட முடியாது என்பதோடு நிறுத்துங்கள்.