பெட் ஸ்கேனில் ஆளுக்கு ஆள் மாறும் வெளிச்சம்: கேள்வி பதில்

மூளை அழற்சியைப் பார்க்கும் பெட் ஸ்கேனில், நோயே இல்லாத சிலருக்கும் படம் மங்கலாக வருகிறதாமே. கருவிக் கோளாறா?

கருவியைக் குறை சொல்ல வேண்டாம். இந்த ஸ்கேன் தேடுவது, செல்லின் ஆற்றல் மையமான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும், அழற்சியின்போது கூடும் டிஎஸ்பிஓ என்ற புரதத்தை. அதில் ஒட்டும்படி உடலில் செலுத்தும் கதிரியக்கப் பொருள்தான் ட்ரேசர், அது ஒட்டிய இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். அத்தகைய ட்ரேசர்களில் ஒன்று பிபிஆர்28. நலமாக இருந்த சில தன்னார்வலர்களுக்கு அது ஒட்டவே இல்லை என்று தெரிந்தபோது ஆய்வாளர்களே குழம்பினார்கள். கடைசியில் காரணம் மரபணுவில் இருந்தது. ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 147-ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் திரியோனின் என்ற வேறொன்று வந்துவிடுகிறது. அவ்வளவுதான், பிபிஆர்28-இன் பிடிப்பு சுமார் 50 மடங்கு குறைந்துவிடுகிறது. எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிற விஷயம் இது.

இந்த மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒரு வகை, அம்மாவிடமிருந்து இன்னொரு வகை வந்தால்?

இரண்டு வகைப் புரதமும் உடலில் இருக்கும். ட்ரேசர் ஒன்றில் நன்றாக ஒட்டும், மற்றதில் ஒட்டாது. படம் நடுத்தரமாக வரும்.

எத்தனை பேருக்கு இப்படி?

ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறையப் பாதிப் பேர் நன்கு ஒட்டும் வகை, பத்தில் ஒருவர் ஒட்டாத வகை, மீதிப் பேர் நடுத்தரம். ஜப்பானியர், சீனரிடையே ஒட்டாத வகை மிக அரிது.

என் தம்பிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்). ஓர் ஆய்வில் ரத்தம் எடுத்துப் பார்த்து, "நீங்கள் ஒட்டாத வகை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோய் முற்றிவிட்டதா?

இல்லை அம்மா, தயவுசெய்து பயப்படாதீர்கள். அந்தச் சோதனை அவர் நோயை அளக்கவே இல்லை. அந்த ட்ரேசர் அவர் உடலில் ஒட்டுமா என்று மட்டும்தான் பார்த்தார்கள். ஒட்டாது என்று தெரிந்த பிறகு அவருக்கு வீணாகக் கதிர்வீச்சு கொடுப்பது தவறு. திருப்பி அனுப்பியதுதான் சரி. ஆனால் இதை அன்றே அவரிடம் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய பிகே11195 ட்ரேசருக்கு இந்தத் தொல்லை இல்லையே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அது கண்ட இடத்திலும் ஒட்டும், அதனால் உண்மையான சிக்னல் இரைச்சலில் அமுங்கிவிடும். அதற்காகத்தான் புதியவற்றைத் தேடினார்கள்.

மரபணு வகை பார்க்காமல் நோயாளிகளையும் நலமானவர்களையும் ஒப்பிட்டால்?

ஒரு பக்கம் நன்கு ஒட்டும் வகையினர் தற்செயலாகக் கூடிவிட்டால், அந்தப் பக்கம் அழற்சி அதிகம் என்று தப்பாக எழுதிவிடுவோம். ஒவ்வொரு வகையையும் அதே வகையோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரே நபரைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்த்தால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும், அவர் மரபணு மாறப்போவதில்லையே.