உறுமினால் அதட்டாதீர்கள்

கேள்வி: தோழியின் நாயை நான்கு நாள் அவள் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டேன். புது ஆளைக் கண்டால் உறுமும். போன தடவை சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் போனபோது கையைக் கவ்வ வந்தது. சமாளிக்க முடியுமா?

பதில்: உறுமுகிறதா, நல்லது. ‘கிட்டே வராதே’ என்று வாய்விட்டுச் சொல்கிற நாய் அது. அதட்டி அடக்கினால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். என் கட்டைவிரல் தழும்பு அப்படி வந்ததுதான்; முந்தின நாள் அதட்டியவன் நானே.

தோழி இருக்கும்போதே இரண்டு மூன்று முறை போய்ப் பழகுங்கள். கண்ணுக்குள் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும். தலைக்கு மேல் கை நீட்ட வேண்டாம். தூக்கம் வராதபோதும் கொட்டாவி, உதட்டை நக்குவது, வெள்ளைவிழி தெரிய ஓரப்பார்வை எல்லாம் பயத்தின் அடையாளம். உடம்பு விறைத்து அசையாமல் நின்றால் மெதுவாக விலகிவிடுங்கள். வாலாட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள், மிரண்ட நாயும் வாலாட்டும்.

தட்டா? அங்கேயே கிடக்கட்டும். நாய் வேறு அறைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு எடுங்கள். வாசல் கதவைத் திறக்குமுன் கழுத்தில் கயிறு இருக்கட்டும்.

தடுப்பூசிச் சீட்டையும் கால்நடை மருத்துவரின் எண்ணையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். பல் பட்டுவிட்டால், சின்னக் கீறல்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.