லைசென்ஸ் வேண்டாத பேட்டரி ஸ்கூட்டரில் லாக் எடுத்தால்?

கேள்வி: "லைசென்ஸ், ஆர்.சி. எதுவும் வேண்டாம்" என்று ஷோரூமில் சொன்னதை நம்பி, 17 வயது மகனுக்கு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். வேகம் பத்தவில்லை என்றான். மெக்கானிக்கிடம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் லாக்கை எடுக்கச் சொன்னேன். போன மாதம் சாலையைக் கடந்த பெரியவர் மீது மோதி, அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. குறுக்கே வந்தது அவர்தான். ஆனால் இன்ஸ்பெக்டர் என் மேலேயே வழக்குப் போட்டுவிட்டார். ஷோரூம்காரர் மேல் நான் வழக்குப் போடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: ஷோரூம்காரர் சொன்னதும் இன்ஸ்பெக்டரின் கெடுபிடியும் இருக்கட்டும். விபத்து நடந்த அன்று உங்கள் வண்டி மோட்டார் வாகனமா, இல்லையா என்பது மட்டுமே இங்கே கேள்வி.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் தொடர்ந்து முப்பது நிமிடம் தரக்கூடிய திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் அல்ல என்ற விலக்கு. இதில் ஒன்று தவறினாலும் விலக்கு இல்லை. லாக் எடுத்து வேகம் 25-ஐத் தாண்டியதுமே அது பதிவு, காப்பீடு, லைசென்ஸ் மூன்றும் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவும் வந்து சேரும்: சிறுவர் ஓட்டினால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று நிரூபிக்கும் பெற்றோருக்கு அதே பிரிவில் விடுதலை உண்டு. லாக் எடுக்கச் சொன்னதே நீங்கள் என்பதால் அந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிட்டது.

இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய், வாகன ஆய்வாளர் பார்க்கும் முன்பு யாரையாவது பிடித்து, லாக் எடுக்க வெட்டிய ஒயரை மறுபடி இணைக்கிறார்கள். செய்யாதீர்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தால், வெட்டி ஒட்டிய ஒயர் தெரியும். மெக்கானிக்கும் சாட்சி சொல்வார். இருக்கிற வழக்கோடு சாட்சியத்தை அழித்த குற்றமும் (குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 238) ஏறிக்கொள்ளும்.

அடுத்தது பணம். காப்பீடு இல்லாததால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முழுவதும், வட்டியோடு, உங்கள் தலையில்தான். கட்டாவிட்டால் நிலவரி பாக்கிபோல கலெக்டர் மூலம் சொத்தை ஜப்தி செய்து வசூலிப்பார்கள். பெரியவர் குறுக்கே வந்ததை நிரூபித்தால் தொகை கொஞ்சம் குறையலாம், அவ்வளவே. வயதானவருக்குத் தொடை எலும்பு முறிவு என்றால் பிளேட் வைப்பது, பிசியோதெரபி, பார்த்துக்கொள்ள ஆள் என்று செலவு நீளும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். ஆனால் ஸ்டேஷனில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, ரொக்கமாகக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று வீட்டுக்குப் போகாதீர்கள். அந்தத் தாளை வைத்துத் தீர்ப்பாய மனுவைத் தடுக்க முடியாது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் அவர்கள் மனு போடலாம். நீங்கள் கொடுத்த ரொக்கத்துக்கு அத்தாட்சியும் இருக்காது. மருத்துவமனை பில்லை இப்போதே வங்கிவழி கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முழுத்தொகையை லோக் அதாலத்தில் பேசி முடியுங்கள். அந்த உத்தரவின் மேல் அப்பீல் கிடையாது. எலும்பு முறிவுக்கான குற்ற வழக்கைத் தனியாக நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்ய வேண்டும். 199ஏ அதில் சேராது. அதை நீங்கள் சந்தித்தே ஆக வேண்டும்.

ஷோரூம்? லாக் எடுக்கும் முன்பே மோட்டார் 250 வாட்டைத் தாண்டியிருந்தாலோ, சோதனைச் சான்று இல்லாமல் விற்றிருந்தாலோ மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கெடு இரண்டு ஆண்டு. பில்லையும் மோட்டார் மீதுள்ள எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். பெரியவரின் கணக்கு முடிந்தபின் அதைப் பார்க்கலாம்.