வாசகர் கேள்வி – பதில்: போரைப் பற்றிப் பேசாத அப்பா

கேள்வி: என் தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் ராணுவத்தில் பணியாற்றி, ஓய்வு பெற்று வந்து, எங்களைப் படிக்க வைத்து ஆளாக்கி, அண்மையில் காலமானார். குடும்பத்தார் வெளியிடவிருக்கும் நினைவு மலருக்கு அவரைப் பற்றிக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. போர்க்களத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நான் அறிந்தவர் எங்கள் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்த அப்பா மட்டுமே. என் தம்பியோ, வீரச் செயல் ஒன்றுகூட இல்லாமல் ராணுவ வீரரின் வாழ்க்கையை எப்படி எழுதுவது என்று கேட்கிறான். நான் என்ன செய்யட்டும்?
– வாசகி ஒருவர்

பதில்: அட்டை போட்டுக் கொடுத்த அப்பாவையே முதலில் எழுதுங்கள். தம்பி தேடும் ராணுவ வீரரும் அவருக்குள்ளேதான் இருக்கிறார். பயிற்சி முகாமுக்கு வரும் புதியவருக்குத் துப்பாக்கியோடு சேர்த்து, சில சமயம் அதற்கும் முன்பாகவே, படுக்கையைச் சுருக்கமின்றி மடிப்பதும், உடைமைகளைக் குறித்த வரிசையில் அடுக்குவதும், சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே வந்து நிற்பதும் கற்பிக்கப்படுகின்றன. சீருடையைக் கழற்றி வைத்த பிறகும் இவை உடலை விட்டுப் போவதில்லை. உங்கள் தந்தை தாளின் ஓரங்களை அளவுகோல் வைத்து மடித்தாரா, மூலைகளை நகத்தால் அழுத்தித் தேய்த்தாரா, பிள்ளைகள் எல்லாருடைய புத்தகங்களையும் உயர வரிசைப்படி அடுக்கித் தந்தாரா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். அவற்றை உள்ளபடி எழுதினாலே படிப்பவர் அவரை அடையாளம் கண்டுகொள்வார்.

அவருடைய மௌனத்துக்குக் காரணம் கற்பிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பேசாமல் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகப் பேசாமல் இருந்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் பிளெட்ச்லி பூங்காவில் எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பணியில் ஆயிரக்கணக்கானோர் ஈடுபட்டிருந்தனர். ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்திருந்த அவர்களில் பலர், 1970களில் அந்தச் செய்தி வெளியுலகுக்குத் தெரியவரும் வரையில், கட்டிய கணவனிடமோ மனைவியிடமோ கூட அதைச் சொல்லவில்லை. சிலர் அருகில் நின்றிருந்த நண்பனை இழந்ததால் பேசாமல் இருந்தனர். வேறு சிலருக்கோ, கேட்பவர் எதிர்பார்க்கும் வகையில் சொல்வதற்கு ஒன்றும் இருந்ததில்லை. எந்த நவீன ராணுவத்திலும் பெரும் பகுதியினர் சரக்கு ஏற்றி இறக்குவோராகவும், வண்டி ஓட்டுவோராகவும், பழுது பார்ப்போராகவும், தொலைத்தொடர்பு, மருத்துவம், சமையல் ஆகிய பிரிவுகளில் உழைப்போராகவுமே இருக்கின்றனர். இரவெல்லாம் லாரி ஓட்டிப் பொருள்களை உரிய இடத்தில் சேர்த்த மனிதர் மீது, அவர் செய்யாத சாகசம் ஒன்றைச் சுமத்தினால், அவர் செய்த வேலை போதாது என்று நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும். தம்பியின் ஆசை அன்பினால் வந்ததுதான். ஆயினும் இந்த ஒன்றில் அவருக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்த மௌனத்தையே ஒரு நிகழ்ச்சியாக எழுதலாம். நீங்கள் போரைப் பற்றிக் கேட்டபோது அவர் பேச்சை மாற்றினாரா, சிரித்து மழுப்பினாரா, எழுந்து வெளியே போனாரா? ஆண்டில் எந்த நாளில் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார்? பழைய தோழர் யாரேனும் வந்தபோது மட்டும் குரல் உயர்ந்ததா? அந்தத் தோழர்கள் இன்னும் இருந்தால், உடனே போய்ப் பாருங்கள். “அப்பா என்ன வீரச் செயல் செய்தார்?” என்று கேட்டால் அவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். அவருக்கு அடுத்த கட்டிலில் படுத்தவர் யார், கடிதம் வரும் நாளில் என்ன செய்வார், யாருக்காவது எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் கடிதம் எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டால், பேச்சு தானாக வளரும். சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உலகெங்கும் இந்த வேலை நடக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, அந்நாட்டு முன்னாள் படைவீரர்களின் வாய்மொழி நினைவுகளை அங்குள்ள நாடாளுமன்ற நூலகம் திரட்டி வைத்து வருகிறது. அங்கே அளிக்கப்படும் நேர்காணல் முப்பது நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுப் பதிவுக்கும் அது நல்ல அளவுதான், ஏனெனில் முதல் பத்து நிமிடங்கள் பெரும்பாலும் தயக்கத்திலேயே போய்விடும்.

உங்கள் தாயாரை மறந்துவிடாதீர்கள். கணவர் வெளியில் இருந்த ஆண்டுகளில் வீட்டை நடத்தியவர் அவர்தான். விடுப்பில் வந்தவரைக் கண்டு அடையாளம் தெரியாமல் அழுத குழந்தை உங்களில் யார், சம்பளத்தில் தமக்கென்று எவ்வளவு வைத்துக்கொண்டு மீதியை அனுப்பினார், பிறந்த செய்தியை எத்தனை நாள் கழித்து அறிந்தார் என்பவற்றை அவரால் மட்டுமே சொல்ல முடியும். நம் முன்னோர் நாட்டிய நடுகற்களில் பல, வீரன் எந்தப் பூசலில் விழுந்தான் என்று சொல்கின்றன. வீட்டில் எப்படிப்பட்டவனாக இருந்தான் என்று சொல்வதில்லை. உங்கள் மலரில் அதற்கு இடம் இருக்கிறது.

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். அவருடைய பணி ஆவணம் எதுவும் வீட்டில் இல்லை. சில பதக்கங்களும் ஒரு கட்டுக் கடிதங்களும் மட்டும் இருக்கின்றன. இவற்றிலிருந்து எதையாவது அறிய முடியுமா?
– வாசகர் ஒருவர்

பதில்: நிறையவே அறியலாம். பதக்கங்களைத் துலக்க நினைக்க வேண்டாம். தேய்த்துத் தேய்த்தே விளிம்பிலுள்ள எழுத்துகள் அழிந்துபோன பதக்கங்கள் பல. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் விளிம்பையும், நட்சத்திர வடிவமாயின் பின்புறத்தையும் பாருங்கள். அந்தப் போருக்கான நட்சத்திரப் பதக்கங்களை பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே வழங்கியது; இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகியவை தம் வீரர்களுக்குப் பெயர் பொறித்து வழங்கின. எண், பெயர் ஆகியவை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெயர் இல்லாவிட்டாலும், பதக்கமே களத்தைச் சொல்லிவிடும். ஆப்பிரிக்க நட்சத்திரம் 1940 ஜூனுக்கும் 1943 மே மாதத்துக்கும் இடைப்பட்ட வட ஆப்பிரிக்கப் போருக்கும், பர்மா நட்சத்திரம் 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரையிலான பர்மாப் போருக்கும் உரியவை.

கடிதங்களில் இடத்தின் பெயர் இராது. தணிக்கை அதிகாரி கறுப்பு மையால் அடித்திருப்பார் அல்லது கத்தரித்தே எடுத்திருப்பார். உறையில் குத்தப்பட்ட கள அஞ்சலக முத்திரையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எண் எந்தக் காலத்தில் எங்கே இயங்கியது என்ற பட்டியல்களை அஞ்சல் வரலாற்று ஆர்வலர்கள் பின்னாளில் தொகுத்திருக்கிறார்கள்.

ஆவணக் காப்பகத்திலிருந்து “கிடைக்கவில்லை” என்று பதில் வந்தால் அத்துடன் நின்றுவிட வேண்டாம். பிரிட்டனில் 1940 செப்டம்பரில் நடந்த குண்டுவீச்சில் முதல் உலகப் போர் வீரர்களின் கோப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை எரிந்தன. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் 1973 ஜூலையில் மூண்ட தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. அங்கே சம்பளப் பட்டியல்கள் போன்ற பிற ஏடுகளைக் கொண்டு பணி விவரத்தை மீண்டும் கட்டியெழுப்புகிறார்கள். படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு கிடைத்தால், தாத்தாவின் பெயர் அதில் இராது. சாதாரண வீரரின் பெயரை அதில் எழுதுவது அரிது. ஆனால் அவர் கடிதம் எழுதிய நாளில் அந்தப் பிரிவு எங்கே இருந்தது, மழை பெய்ததா, தண்ணீர் கிடைத்ததா என்பதெல்லாம் இருக்கக்கூடும். கடிதத்தையும் அந்த நாளின் குறிப்பையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, “இங்கே அனைவரும் நலம்” என்ற வரி வேறு விதமாக ஒலிக்கும்.

கேள்வி: என் தந்தை அன்பானவர்தான். ஆனால் இரவில் அலறி எழுவார். திடீர் ஓசை கேட்டால் முகம் வெளிறிவிடும். சில நாள்களில் யாரோடும் பேசமாட்டார். இதை எழுதக் கூடாது என்கிறார் அம்மா. மறைப்பது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அம்மா உயிரோடு இருக்கும் வரையில், அவருடைய ஒப்புதல் இன்றி அச்சில் ஏற்ற வேண்டாம். தனியாக எழுதி வைத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. பிறகு ஒரு நாள், “அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள், அம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். விளக்கை ஏற்றி வைத்ததையோ, தொடாமல் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி எழுப்பியதையோ அவர் சொல்லக்கூடும். அது உங்கள் தந்தையைப் போலவே அவரையும் பற்றிய செய்தி. அப்படிப் பார்க்கும்போது அவருடைய மறுப்பு தளரவும் கூடும்.

எழுதும்போது நோயின் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். குண்டு அதிர்ச்சி என்ற பொருளில் வழங்கிய சொல்லை மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 1915ஆம் ஆண்டிலேயே லான்செட் இதழில் கையாண்டார். ஆயினும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சேர்த்தது 1980இல்தான். அதற்கு முன் வீடு திரும்பியவர்களின் தொல்லைக்குப் பெரும்பாலும் முரட்டுக் குணம், குடி, பலவீனம் என்ற பெயர்களே கிடைத்தன. இறந்தவரைப் பரிசோதிக்க நம்மால் இயலாது. கண்டதைக் கண்டபடி எழுதினால் போதும்.

கேள்வி: அப்பாவின் நினைவுக் கல்லில் இடம் மிகக் குறைவு. பதவியையும் பதக்கங்களையும் பொறிப்பதா, குடும்பத்தைப் பற்றி எழுதுவதா?
– வாசகி ஒருவர்

பதில்: 1917இல் தொடங்கப்பட்டு, இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று வழங்கும் அமைப்பு, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வடிவிலான கல்லையே நாட்டியது. அதன் அடியில் குடும்பத்தார் தம் விருப்பப்படி பொறித்துக்கொள்ள, இடைவெளி உட்பட 66 எழுத்துகள் அனுமதிக்கப்பட்டன. அந்த முறையைப் பின்பற்றலாம். பெயர், பதவி, படைப்பிரிவு, ஆண்டுகள் ஆகியவை மேலே சுருக்கமாக இருக்கட்டும். பதக்கங்களை மலருக்கு விட்டுவிடுங்கள். கீழே ஒரு வரி முழுவதும் குடும்பத்துக்கு. பிள்ளைகள் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் காட்டாமல் ஒரு வரி எழுதித் தந்து, அம்மா தேர்ந்தெடுத்தால் சண்டை வராது. கல்லைப் பொறிப்பவரிடம் கொடுக்கும் முன், பிறந்த ஆண்டைப் பணி ஆவணத்தோடும் வீட்டுக் குறிப்போடும் ஒப்பிட்டுவிடுங்கள். வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்த இளைஞர்கள் பல நாடுகளிலும் இருந்திருக்கிறார்கள். இரண்டும் வேறுபட்டால் வீட்டுக் குறிப்பையே நம்பலாம்.